கல்வியியலில் பி.எச்டி., வேலை கம்பெனியில்: எங்கே சறுக்குகிறார்கள்?

கல்வியியலில் பி.எச்டி. முடித்துவிட்டு, காட்பாடி, வாலாஜா பக்கம் ஏதாவதொரு சுயநிதி பி.எட். கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்கு இருப்பவர்கள், ‘பேசாமல் கம்பெனிக்குப் போய்விடலாமா’ என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் பலர் பயோடேட்டாவிலேயே கோட்டை விடுகிறார்கள்.

ஏழெட்டுப் பக்கம். கருத்தரங்கச் சான்றிதழ்கள், ஐ.எஸ்.எஸ்.என். எண்ணோடு (ஆய்விதழின் அடையாள எண்) கட்டுரைகள், மூன்று வரி நீளத்துக்கு ஆய்வுத் தலைப்பு. ஆள் எடுப்பவருக்கு இதைப் படிக்கப் பொறுமை இருக்காது. ‘ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் அறிவியல் அடைவில் கருத்து வரைபட முறையின் விளைவு’ என்றால் அவருக்கு என்ன புரியும்? அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘அரசுப் பள்ளி மாணவர்கள் 120 பேருக்குப் பாடத்தொகுப்பு தயாரித்து நடத்தினேன். முன்தேர்வு, பின்தேர்வு வைத்து, அது பலன் தந்ததா என்று அளந்தேன்.’ கம்பெனிகளின் பயிற்சித் துறைக்கு வேண்டிய ஆள் இவர்தான். பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் முன்வைத்த நான்கு படிகள் அங்கே எல்லோருக்கும் தெரியும்: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்கு லாபமா. ஆனால் பல இடங்களில் ஒரு கருத்துப் படிவத்தை நிரப்பி வாங்கி, முதல் படியோடு கடையை மூடிவிடுவார்கள். இரண்டாம் படிக்கு ஒழுங்காக வினா எழுதவும் ஐட்டம் அனாலிசிஸ் (ஒவ்வொரு வினாவும் தகுதியானதா என்று சோதிப்பது) செய்யவும் தெரிய வேண்டும். நீங்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய வேலைதானே அது!

அப்புறம் இன்னொரு சறுக்கல், கம்பெனி என்றாலே பெங்களூரு, ஆன்லைனில் பாடம் நடத்தும் செயலி என்று மட்டும் நினைப்பது. ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளிலும் புதிய ஆட்களுக்குப் பயிற்சி தேவைப்படுகிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தப் பணத்தில் நடக்கும் பள்ளித் திட்டங்களைக் கண்காணித்து அறிக்கை எழுதத் தொண்டு நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. பள்ளியில் ஆய்வு நடத்த முதன்மைக் கல்வி அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்துக் கிடந்த அனுபவம் அங்கேதான் செல்லுபடியாகும்.

நேர்முகத்தில் வகுப்பெடுக்காதீர்கள். உங்கள் ஆய்வை இரண்டு நிமிஷத்தில் சொல்லுங்கள், போதும். சம்பளப் பேச்சில் உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. வகுத்த தொடக்க அடிப்படைச் சம்பளமான 57,700 ரூபாயை இழுக்காதீர்கள். நீங்களே அதை வாங்கவில்லையே. சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) என்று ஒரு தொகை சொன்னால், பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

ராஜினாமாவுக்கு முன் ஒரு விஷயம். சில கல்லூரிகள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும். கம்பெனியிலோ சேரும்போதே அசலைக் காட்டச் சொல்வார்கள். எனவே ஆஃபர் கையில் வரும்வரை காத்திருக்காமல், இப்போதே எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிடுங்கள். விலகும் நாளில் அனுபவச் சான்றிதழையும் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அதற்காக நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.