டிவிக்குப் பக்கத்தில் ஒரு கணினி: இயங்குதளம் தேர்ந்தெடுக்கும்போது செய்யும் தவறுகள்

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். படம் பார்க்க, பாட்டுக் கேட்க டிவியோடு ஒரு கணினியை இணைத்து வைக்கப் போகிறேன், விண்டோஸ் போடுவதா லினக்ஸ் போடுவதா, எது தகராறு இல்லாமல் ஓடும், எதில் செலவு குறைவு? விசாரித்தால், மூவருமே அதற்குள் ஒரு முறையாவது இயங்குதளத்தை மாற்றிப் பார்த்திருந்தார்கள். ஒருவர் நான்கு முறை. நான் சில வருடங்களுக்கு முன்னால் சுற்றிய அதே சுற்று. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பேக்கப் எடுங்கள், கண்ட இடத்தில் டவுன்லோட் செய்யாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## படம் திக்கினால் இயங்குதளத்தின் மேல் பழி போடுவது

என் முதல் மீடியா கணினி, வேலைக்கு வைத்திருந்து ஓய்வு கொடுத்த ஒரு பழைய மேஜைக் கணினி. சாதாரணப் படங்கள் தடங்கல் இல்லாமல் ஓடின. ஒரு நாள் 4கே படம் ஒன்றைப் போட்டேன். தொடக்கத்தில் பெயர்கள் வரும்வரை சரி. கேமரா காட்டின் மேல் பறக்கத் தொடங்கியதும் படம் நின்று நின்று நகர்ந்தது. வசனம் முன்னே போனது, உதடு பின்னால் அசைந்தது. பெட்டிக்குள் விசிறி இரைந்தது.

விண்டோஸ் கனமானது, அதனால்தான் என்று முடிவு கட்டினேன். லினக்ஸ் போட்டேன், அதே திக்கல். வேறொரு லினக்ஸ் போட்டேன்; அதே திக்கல். ஒருவேளை பழைய விண்டோஸ்தான் கோளாறோ என்று காசு கொடுத்து புதிய பதிப்புக்கு லைசென்ஸ் வாங்கினேன். அதிலும் அதே காடு, அதே இடம், அதே திக்கல். இரண்டு மாத மாலை நேரங்கள் போயின. அந்த லைசென்ஸ் காசை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கடைசியில் ஒரு நாள் படம் ஓடும்போதே பிராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தேன். நான்கு கோர்களும் நூறு சதவீதம்.

விஷயம் இதுதான். 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட் எச்.இ.வி.சி. என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும் (பிட் எண்ணிக்கை கூடினால் நிறங்களின் நுணுக்கம் கூடும்). அதை விரித்துக் காட்டுவதற்கென்றே கிராஃபிக்ஸ் பகுதிக்குள் ஒரு தனி மின்சுற்று இருக்க வேண்டும். இருந்தால் பிராசசருக்கு வேலையே இல்லை. இல்லாவிட்டால் பாரம் முழுக்கப் பிராசசர் தலையில் விழும். இன்டெல் பிராசசர்களில் ஆறாம் தலைமுறை 8 பிட்டோடு நின்றுவிடுகிறது. 10 பிட்டை முழுமையாகக் கையாள்வது ஏழாம் தலைமுறையிலிருந்துதான். இப்போது பரவிவரும் ஏ.வி.1 முறைக்குப் பதினொன்றாம் தலைமுறை வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். என் பெட்டியில் அந்தச் சுற்று இல்லை. நான் அகப்பையை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜி.பி.யு.வை, அதாவது கிராஃபிக்ஸ் பகுதியைத் தேர்ந்தெடுத்து, 'வீடியோ டிகோட்' என்ற வரைபடத்தைப் பாருங்கள். படம் ஓடும்போது அது எழும்பாமல் தரையிலேயே கிடந்தால் பிராசசர்தான் இழுக்கிறது என்று அர்த்தம். கோடி (Kodi) என்ற இலவச மீடியா பிளேயர் வைத்திருப்பவர்கள் படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்தினால் ஒரு தகவல் பட்டை வரும். அதில் டிகோடர், அதாவது படத்தை விரிக்கும் பகுதியின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எச்.டபிள்யூ. (HW, ஹார்ட்வேர்) என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா? இருந்தால் சரி.

தலைகீழாகவும் நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சுற்று இருந்தும் இயங்குதளம் அதைப் பயன்படுத்தாமல் போகலாம். 2022இல் ஃபெடோரா லினக்ஸ், காப்புரிமைச் சிக்கலுக்காக எச்.264, எச்.இ.வி.சி. என்ற இரண்டு சுருக்க முறைகளுக்குமான வன்பொருள் உதவியை மேசா என்ற தன் கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு தொகுப்பைச் சேர்த்தால்தான் திரும்ப வரும். அப்படிப்பட்ட இடத்தில் இயங்குதளத்தைக் குறை சொல்வது நியாயம். ஆனால் சோதித்த பிறகு.

அப்புறம், பிராசசர் சும்மா இருந்தும் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது மட்டும் படம் லேசாக வெட்டினால் அது வேறு கதை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம், டிவி 60 முறை புதுப்பிக்கிறது. கணக்கு ஒட்டாததால் ஒரு சட்டகம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் வருகிறது. கோடி பிளேயர் அமைப்பில் படத்துக்கு ஏற்ப டிவியின் வேகத்தை மாற்றும் வசதி உண்டு. தானாக அது இயங்காது. நீங்கள்தான் இயக்க வேண்டும். இதற்காகவும் இயங்குதளத்தை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## என்ன பார்க்கப் போகிறோம் என்று யோசிக்காமல் தொடங்குவது

சொந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் படங்கள்தான் என்றால் லிப்ரேஎலெக் போதும். கோடி பிளேயரை ஓட்டுவதற்காக மட்டும் செய்த சின்ன லினக்ஸ் அது. இலவசம், பென் டிரைவிலிருந்தே ஓடும். சிஸ்டம் பகுதி எழுத முடியாத ஒரே கோப்பாக இருப்பதால் திடீரென்று மின்சாரம் போனாலும் அது கெடுவது அபூர்வம்.

சந்தா கட்டிப் பார்க்கும் சேவைகள் என்றால் பதில் மாறும். நகல் தடுப்புக் கட்டுப்பாட்டால் சாதாரண லினக்ஸ் கணினியின் பிரவுசரில் பெரும்பாலான சேவைகள் 4கே தருவதில்லை. 4கே சந்தாவுக்கு மாதாமாதம் கட்டிவிட்டு மங்கலான படம் பார்ப்பதும் ஒரு செலவுதான்.

## லைசென்ஸ் விலையை மட்டும் கூட்டிப் பார்ப்பது

40 வாட் இழுக்கும் பழைய பெட்டி நாள் முழுக்க ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 350 யூனிட். 10 வாட் சின்னப் பெட்டிக்கு 88 யூனிட்கூட ஆகாது. இலவச இயங்குதளத்தில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணம் தின்றுவிடும். இன்னொன்று: கணினியோடு சேர்ந்து வரும் ஓ.இ.எம். லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது. போர்டை மாற்றினால் பொதுவாக அதுவும் போச்சு.

## ஆதரவு முடியும் தேதியைப் பார்க்காதது

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது; இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். கையில் இருப்பது அதைவிடப் பழைய பெட்டி என்றால் லினக்ஸ்தான் வழி. உபுண்டுவில் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுங்கள், ஐந்து வருடம் கவலையில்லை.

## படம் ஓடும் நேரத்தில் அப்டேட்

அப்டேட்டுக்காகக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரத்தை விண்டோஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று குறிக்கலாம். அதை 18 மணி நேரம்வரை வைக்கலாம். வையுங்கள்.

## ஒரே டிஸ்க்கை விண்டோஸும் லினக்ஸும் மாறி மாறித் தொடுவது

முதலில் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக அணையாது; அந்த நிலையில் லினக்ஸ் அதே டிஸ்க்கில் எழுதினால் கோப்புகள் கெடலாம்.

நான்கு முறை மாற்றியவருக்கு 'ஓ' எழுத்தை அழுத்தச் சொன்னேன். அன்றிரவே டிவித் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். டிகோடர் பெயர் இருந்தது, பக்கத்தில் அந்த இரண்டு எழுத்து இல்லை. ஐந்தாவது முறைக்காகத் தயார் செய்திருந்த பென் டிரைவை எடுத்து வைத்துவிட்டு, இப்போது ஏழாம் தலைமுறைக்கு மேற்பட்ட பழைய சின்னப் பெட்டி ஒன்று கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.