கட்டைப் பிரம்மச்சாரியின் 160 ஏக்கர்: ஹோம்ஸ்டெட் முன்னோரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வம்சாவளிப் படத்தில் கல்யாணமாகாதவர் பெயருக்குக் கீழே கோடு இறங்குவதில்லை. அதனாலேயே அவரை யாரும் தேடுவதில்லை. தேடத் தொடங்கினாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கச் சமவெளியில் அரசு நிலம் கேட்டுக் குடியேறிய தனியாள்கள் விஷயத்தில் இது பெரிய இழப்பு. 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், குடும்பத் தலைவர்களுக்கு மட்டுமல்லாமல், 21 வயதான தனியாள் எவருக்கும், ஆணோ பெண்ணோ, குடியிருந்து பயிரிட்டால் சொந்தமாகிவிடும் அரசு நிலத்தை 160 ஏக்கர் வரை கேட்க உரிமை கொடுத்தது. பொதுவாகக் கணவரோடு வாழும் பெண்ணுக்குத்தான் அந்த உரிமை இல்லை. ஆக, கல்யாணப் பதிவும் பிள்ளைகளும் இல்லாத ஒருவரைப் பற்றி அரசாங்கமே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்க வாய்ப்புண்டு. அந்தக் கட்டு கண்ணில் படாமல் போவதற்குப் பெரும்பாலும் தேடுகிற முறைதான் காரணம்.

பட்டா கிடைத்ததும் தேடலை நிறுத்துவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். மத்திய அரசின் நில நிர்வாகத் துறை இணையதளத்தில் பட்டாவின் படம் இலவசமாகக் கிடைக்கும். அதில் பெயர், நில விவரம், தேதி, நில அலுவலகம், சான்றிதழ் எண் இருக்கும். அவ்வளவுதான். பெற்றோர், பிறந்த ஊர், எப்போது வந்தார், எப்படி வாழ்ந்தார் என்று ஒரு வரியும் இருக்காது.

உள்ளடக்கம் எல்லாம் நிலக் கோப்பில், அதாவது நிலம் கேட்டதிலிருந்து பட்டா வரை சேர்ந்த தாள்கட்டில் இருக்கிறது. அது வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 49-ஆம் ஆவணத் தொகுதியில் இருக்கிறது. பிரதி கேட்கும்போது வெறும் பெயர் கொடுத்தால் போதாது. 1908 ஜூலைக்கு முந்தைய பட்டா என்றால் மாநிலம், நில அலுவலகம், பதிவின் வகை, இறுதிச் சான்றிதழ் எண், நில விவரம் எல்லாம் வேண்டும். அதற்குப் பிந்தையது என்றால் பட்டாவின் வரிசை எண் போதும்.

கோப்பு வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது ‘ஃபைனல் ப்ரூஃப்’ என்கிற இறுதி வாக்குமூலம். அச்சடித்த கேள்விகள், கையால் எழுதிய பதில்கள். வயது என்ன, எங்கே பிறந்தீர், வீடு எப்போது கட்டினீர், எத்தனை ஏக்கர் உழுதீர், எத்தனை பருவம் விளைவித்தீர், குடும்பத்தில் யார் யார். தனியாளின் தாளில் குடும்பம் பற்றிய கேள்விக்கு ‘கல்யாணமாகவில்லை’ என்று ஒரே சொல் இருக்கும். பலர் அதைப் படித்துவிட்டுத் தாளை மூடிவிடுவார்கள். அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: குடியேறிய பிறகு நிலத்தைவிட்டு எப்போதெல்லாம் விலகியிருந்தீர், எதற்காக? தனியாள்தான் குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மரம் வெட்டும் முகாமுக்கோ, கதிரடிக்கவோ, பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கவோ போவார். எந்த ஊர், எத்தனை மாதம் என்று அங்கே எழுதியிருந்தால் அடுத்த தடம் கிடைத்துவிட்டது.

சாட்சிகளைக் கவனிக்காமல் விடுவதும் இதே ரகம்தான். வாக்குமூலம் கொடுக்கப் போவதாக உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு சாட்சிகளின் பெயரைக் கொடுக்க வேண்டும். அவர்களில் இருவர் வந்து சாட்சி சொல்வார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள்தான் என்றாலும், அவர்களில் ஒருவர் சொந்த ஊர்க்காரராகவோ அக்கா கணவராகவோ இருப்பது சகஜம். நான்கு பேரையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள்.

வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் கோப்பில் குடியுரிமைத் தாளின் நகலும் இருக்கும். நிலம் கேட்பதற்குக் குடியுரிமை பெறும் விருப்பத்தை அறிவித்திருந்தாலே போதும். பட்டா பெறுவதற்கு முழுக் குடியுரிமை வேண்டும். 1922-க்கு முன் மணமான பெண்ணுக்குக் கணவர் வழியாகவே குடியுரிமை வந்துவிடும் என்பதால் பெண்கள் பெயரில் இந்தத் தாள்கள் அபூர்வம். நிலம் கேட்ட கல்யாணமாகாத பெண் தானே நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. எந்த நீதிமன்றம் என்பதும் அந்த நகலிலேயே தெரியும்.

பட்டா தேதியை வந்த தேதியாக எடுத்துக்கொள்வது

5 ஆண்டு குடியிருந்து, பதிவு செய்த நாளிலிருந்து 7 ஆண்டுக்குள் அதை நிரூபிக்க வேண்டும் என்பது விதி. 1912-இல்தான் குடியிருப்புக் காலம் 3 ஆண்டாகக் குறைந்தது. அதற்குப் பிறகு வாஷிங்டனிலிருந்து பட்டா வரும்வரை மேலும் காத்திருக்க வேண்டும். 1890 தேதியிட்ட பட்டாவைப் பார்த்துவிட்டு 1890-ஆம் ஆண்டுக் கப்பல் பட்டியலைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது.

பெயர் வரவில்லை என்றால் நிலமே கேட்கவில்லை என்று முடிவு கட்டுவது

பெயர் வராமல் போக நிறையக் காரணங்கள் உண்டு. 5 ஆண்டு காத்திருக்க மனமில்லாதவர், 6 மாதம் குடியிருந்துவிட்டு (1891-க்குப் பிறகு 14 மாதம்) ஏக்கருக்கு 1.25 டாலர் என்ற கணக்கில் பணம் கட்டி நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்தவரின் பட்டா ஹோம்ஸ்டெட் வகையில் வராது. 1820 ஏப்ரல் 24-ஆம் தேதிச் சட்டத்தின்கீழ் ‘ரொக்க விற்பனை’ என்று வரும். தேடும்போது ஹோம்ஸ்டெட் வகையை மட்டும் தேர்ந்தெடுத்தவர் கண்ணில் அது படாது.

பாதியில் கைவிட்டவருக்குப் பட்டாவே கிடையாது. ஆனாலும் பதிவு இருக்கும். ‘ட்ராக்ட் புக்’ என்ற நிலவாரிப் பேரேட்டில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் யார் கேட்டார், எப்போது ரத்தானது என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அதைப் பெயர் வைத்துத் தேட முடியாது, நிலத்தை வைத்துத்தான் தேட வேண்டும். இங்கே அளவு முறை தெரியாதவர் தடுமாறிப்போவார். 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதில் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதில் கால்பங்கு 160 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும், வயலில் ஏர் திரும்புகிற மாதிரி. ஆகவே 6-க்கு நேர் கீழே 7 இருக்கும், 12 இருக்காது. எந்த மெரிடியன், அதாவது அளவுக்கு ஆதாரமான எந்த வடக்கு-தெற்குக் கோடு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தெற்கு டகோட்டாவில் ஒன்றுக்கு மேற்பட்ட மெரிடியன்களிலிருந்து அளந்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டால் வேறு யாருடைய நிலத்தையோ ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று: நிரூபிப்பதற்கு முன் இறந்துபோனவரின் உரிமை வாரிசுகளுக்குப் போகும். அப்போது பட்டா ‘இன்னாரின் வாரிசுகள்’ என்ற பெயரில் வந்திருக்கும். டெக்ஸாஸ், கென்டக்கி, டென்னசி, தொடக்க 13 மாநிலங்கள் ஆகியவற்றில் மத்திய அரசுக்குப் பங்கிட நிலமே இல்லை. அங்கே ஹோம்ஸ்டெட் கோப்பு தேடுவது வீண்.

ஒரே கோப்போடு திருப்திப்படுவது

1891 வரை ஒரே ஆள் ஹோம்ஸ்டெட், ப்ரீஎம்ப்ஷன் (குடியேறியவரே முதலில் விலைக்கு வாங்கும் உரிமை), மரம் வளர்ப்புச் சட்டம் (1873) மூன்றிலும் தலா 160 ஏக்கர் கேட்க முடிந்தது. மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. உடன்பிறந்தவர்களும் பக்கத்திலேயே கேட்டிருப்பார்கள். எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு வீட்டைக் கட்டி, இரண்டு சகோதரிகள் அவரவர் நிலத்துப் பக்கம் கட்டிலைப் போட்டுத் தூங்கி, இருவரும் ‘என் நிலத்தில்தான் குடியிருந்தேன்’ என்று கூசாமல் சத்தியம் செய்த வழக்கமும் உண்டு. ஆகவே அந்த டவுன்ஷிப்பில் பட்டா வாங்கிய அத்தனை பேரையும் பட்டியலிடுங்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு தடவை வந்தால் இரண்டு கோப்பையும் வாங்கிவிடுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மட்டும் நம்புவது

1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்திலும் அதன் பிறகும் அழிந்துபோய்விட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே 20 ஆண்டு இருட்டு. குடும்பஸ்தர் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு வழியாக அந்த இருட்டைத் தாண்டிவிடுவார், தனியாளால் முடியாது. வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1886-இல் கான்சஸின் நெஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி), பீலர் என்ற ஊருக்குப் பக்கத்தில் நிலம் எடுத்தார். சில ஆண்டுகளில் கிளம்பிவிட்டார். 1896-இல் அலபாமாவின் டஸ்கீகிக்குப் போய்விட்டார். கான்சஸ் மாநிலம் தனியே எடுத்த கணக்குகள் 1885-இலும் 1895-இலும். இரண்டுக்கும் நடுவே நெஸ் கவுண்டிக்கு வந்து போய்விட்டார். நில ஆவணம் இல்லாமல் வெறும் கணக்கெடுப்பை வைத்துத் தேடினால், அவர் அங்கே விவசாயம் செய்ததற்கே தடயம் கிடைக்காது.

1900 கணக்கெடுப்பில் உறவுமுறைக் கட்டத்தில் ‘பார்ட்னர்’ என்று இருந்தால் தாண்டிப் போகாதீர்கள். இரண்டு பிரம்மச்சாரிகள் ஒரே வீட்டில் பொங்கித் தின்றால் அப்படி எழுதுவார்கள். அந்தக் கூட்டாளி பலநேரம் பழைய ஊர் நண்பர்.

சாவுப் பதிவோடு முடிப்பது

தனியாளின் இறப்புச் சான்றிதழில் விவரம் சொன்னவர் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர். பெற்றோர் பெயருக்கு நேரே ‘தெரியாது’ என்று எழுதியிருப்பார்கள். அங்கே நிற்காமல் கவுண்டி நீதிமன்றத்தின் சொத்துப் பங்கீட்டுக் கோப்பைக் கேளுங்கள். உயில் இல்லாமல், மனைவி மக்கள் இல்லாமல் ஒருவர் இறந்தால், நீதிமன்றம் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, இறந்துபோனவர்களின் பிள்ளைகள் என அத்தனை வாரிசுகளையும் ஊரோடு பட்டியலிட வேண்டியிருந்தது. குடும்பஸ்தரின் கோப்பில்கூட இவ்வளவு உறவு கிடைக்காது. கவுண்டி பிற்பாடு பிரிந்திருந்தால் பழைய தாய்க் கவுண்டியிலும் விசாரிக்க வேண்டும்.

கல்லறை கிடைக்கவில்லையா? அந்தக் கவுண்டியின் ஏழைப் பண்ணை (ஆதரவற்றவர்களைக் கவுண்டி வைத்துப் பராமரித்த இடம்) பதிவேட்டைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால், கல்யாணமாகிப் போன அக்காவோ தங்கையோ வாழ்ந்த ஊரின் இடுகாட்டில், அவள் கணவர் வீட்டுக் கற்களுக்கு நடுவே தேடுங்கள்.