‘எதையும் சட்டென்று நம்பமாட்டேன்’ என்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“எனக்கு எதையும் தெரிந்துகொள்ளும் ஆர்வம் அதிகம். ஆனால் யார் சொன்னாலும் அப்படியே நம்பிவிடமாட்டேன்.” தன்னைப் பற்றி இப்படிச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும். இவர்கள் இல்லாவிட்டால் புரளிகளுக்குத் தடையே இருக்காது. ஆனால் இவர்களும் ஏமாறுகிறார்கள், அதுவும் தனி விதமாக. எதையும் நம்பிவிடுகிற ஒருவரைச் சுற்றியிருப்பவர்கள் அடிக்கடி எச்சரிப்பார்கள். சந்தேகப்படுபவர் என்று பெயரெடுத்தவரை யாரும் எச்சரிப்பதில்லை. “நான்தான் எதையும் நம்பாதவன் ஆயிற்றே” என்று அவரும் காவலைத் தளர்த்திவிடுகிறார்.

மற்ற தவறுகள் பலவும் இந்த நினைப்பிலிருந்துதான் கிளைக்கின்றன. சந்தேகத்தைப் பிறவிக் குணமாக எண்ணிக்கொண்டால், அது தானாகவே வேலை செய்யும் என்ற தெம்பு வந்துவிடும். என் பார்வையில் அது ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. மூலத்தைத் தேட வேண்டும், எண்ணைச் சரிபார்க்க வேண்டும், எதிர்த்தரப்பைப் படிக்க வேண்டும். செய்யாத நாளில் சந்தேகப் பேர்வழிக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

உளவியலாளர் எமிலி புரோனினும் அவருடைய சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மனிதர்களின் சிந்தனையில் வழக்கமாக விழும் சாய்வுகளை, அதாவது ஒருபக்கமாக நினைக்கும் பழக்கங்களை, விவரித்து, “சராசரி ஆளிடம் இது எவ்வளவு இருக்கும்? உங்களிடம் எவ்வளவு?” என்று கேட்டார்கள். பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் தங்களுக்குக் குறைவாகவும் மற்றவர்களுக்கு அதிகமாகவும் மதிப்பெண் போட்டார்கள். தன்னை உயர்த்தி மதிப்பிடுவதே ஒரு சாய்வுதான் என்று விளக்கிச் சொன்ன பிறகும், பலர் தம் மதிப்பீடு சரிதான் என்று நின்றார்கள். அறிவுத்திறன் கூடினால் இந்தக் குருட்டுப் புள்ளி சுருங்குமா என்று 2012-ல் வேறொரு குழு பார்த்தது. சுருங்கவில்லை.

பிடிக்காததை மட்டும் துருவுவது

அடிக்கடி கண்ணில் படும் தவறு இதுதான். தன் கருத்துக்கு எதிரான செய்தி வந்தால் எத்தனை பேரிடம் கேட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள், எங்கே வெளியானது என்று சல்லடை போட்டுச் சலிப்பார்கள். கருத்துக்கு ஒத்த செய்தி வந்தால் தலைப்போடு சரி. சலிக்கும்போது உண்மையாகவே திறமையாகச் சலிப்பதால், தாங்கள் ஒருபக்கம் சாய்வது அவர்களுக்கே தெரிவதில்லை.

டான் கஹான் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய ஒரு சோதனையை எண்களோடு பார்ப்போம். தோல் தடிப்புக்கு ஒரு களிம்பு. பூசியவர்களில் 223 பேருக்குக் குறைந்தது, 75 பேருக்கு அதிகமானது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்கு அதிகமானது. களிம்பு பயன் தந்ததா? 223 என்ற பெரிய எண்ணைப் பார்த்ததும் ‘ஆமாம்’ என்று சொல்லத் தோன்றும். விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். பூசியவர்களில் குணம் கண்டவர்கள் சுமார் 75 சதவீதம், பூசாதவர்களில் சுமார் 84. பூசாதவர்களே தேவலை. கணக்கில் தேர்ந்தவர்கள் இதை மற்றவர்களைவிட அதிகமாகப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்து அதே எண்களைத் துப்பாக்கித் தடையும் குற்றங்களும் என்ற தலைப்பில் வேறு ஆட்களிடம் கொடுத்தார்கள். இப்போது கணக்குத் திறமை, விடை தன் அரசியலுக்கு ஒத்துவந்தபோது நன்றாக வேலை செய்தது. ஒத்துவராதபோது, திறமை இருந்தும் பலர் முதலில் தோன்றிய தப்பான விடையோடு நின்றுகொண்டார்கள். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்தபோது, திறமை கூடக் கூடச் சாய்வும் கூடும் என்ற பகுதி எல்லா இடத்திலும் அதே வலுவோடு வரவில்லை. ஆனாலும் திறமை மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது என்பது நிற்கிறது.

இதற்கு நான் சொல்லும் வழி எளியது. மனதுக்கு இதமான செய்தியைப் பகிர்வதற்கு முன், இதே தரத்தில் எதிர்த்தரப்புக்குச் சாதகமான செய்தி வந்திருந்தால் என்னென்ன கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கேள்விகளை இதனிடமும் கேளுங்கள்.

நம்பாமல் இருப்பது பாதுகாப்பு என்று எண்ணுவது

வெளுத்ததெல்லாம் பால் என்பவர் ஏமாளி என்றால், வெளுத்ததெல்லாம் சுண்ணாம்பு என்பவரும் பாலை இழக்கத்தான் செய்கிறார். ‘இது பொய்’ என்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஆதாரம் வேண்டும்.

வானத்திலிருந்து கல் விழுகிறது என்று கிராமத்து மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிவந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டு அறிஞர்களில் பலருக்கு அது பாமரர்களின் கதை. 1768-ல் பிரான்சின் லூசே என்ற ஊரில் விழுந்த கல்லை ஆராய்ந்த குழுவில் நவீன வேதியியலின் தந்தை எனப்படும் லவாய்சியரும் இருந்தார். அது மின்னல் தாக்கிய தரைக்கல் என்று அந்தக் குழு சொல்லிவிட்டது. 1794-ல் கிளாட்னி என்ற ஜெர்மானியர், இந்தக் கற்கள் விண்வெளியிலிருந்து வருபவை என்று எழுதியபோதும் பலர் ஏற்கவில்லை.

1803 ஏப்ரல் 26 அன்று நார்மண்டியில் லேக்ல் என்ற ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான கற்கள் விழுந்தன. விசாரிக்க அனுப்பப்பட்டவர் ழான் பத்தீஸ்த் பியோ, 29 வயது இளைஞர். அவர் வேலை செய்த விதத்தைச் சந்தேகப் பேர்வழிகள் அனைவரும் கவனிக்க வேண்டும். ஊருக்கு நேரே போய்விடாமல், தொலைவிலிருந்தே சத்தம் கேட்டவர்களை விசாரித்துக்கொண்டு போனார். ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ள வாய்ப்பில்லாத, தொழிலும் படிப்பும் வேறான மனிதர்களின் சொற்களை ஒப்பிட்டார். அந்த வட்டாரச் சுரங்கங்களிலும் உலைகளிலும் இத்தகைய கல் இருந்ததா என்று பார்த்தார். கற்கள் விழுந்த இடங்களைக் குறித்தபோது அவை ஒரு நீள்வட்டத்துக்குள் அடங்கின. இத்தனையையும் திரட்டிய பிறகே ‘விழுந்தது உண்மை’ என்று எழுதினார். லவாய்சியர் குழுவைவிட அவர் குறைவாகச் சந்தேகப்பட்டார் என்று சொல்ல முடியாது. சாட்சி சொன்னவர்களை எழுந்து போய்ப் பார்த்தார்.

‘ஏமாற்று வேலை’ என்று உடனே முடிப்பது

நம்ப முடியாத ஒன்றைக் கண்டதும் “யாரோ காசு பண்ணுகிறார்கள்” என்று தாவிவிடுவது அடுத்த பழக்கம். ஒன்று அதிசயம், இல்லாவிட்டால் மோசடி என்ற இரண்டே கட்டங்களில் உலகத்தை அடைத்துவிட்டால், உண்மையில் நடந்தது இரண்டுக்கும் வெளியே நின்றுகொண்டிருக்கும்.

பெர்லினில் 1900-களின் தொடக்கத்தில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கணக்குப் போட்டது. கேள்வி கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். வளர்த்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன். நம்பியவர்கள் குதிரைக்கு மனித அறிவு என்றார்கள், நம்பாதவர்கள் ஆசிரியர் ரகசிய சைகை காட்டுகிறார் என்றார்கள். 1904-ல் ஒரு குழு கூடிப் பார்த்தது. தந்திரம் எதுவும் அகப்படவில்லை. அந்த ஆசிரியர் இல்லாமல் வேறு ஆட்கள் கேட்டாலும் குதிரை சரியாகத் தட்டியது.

பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் இறங்கினார். அவர் செய்த முக்கியமான மாற்றம் ஒன்றே ஒன்று: கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்வியை அமைத்தார். குதிரை தடுமாறியது. கேட்பவரைக் குதிரையால் பார்க்க முடியாதபடி செய்தாலும் தடுமாறியது. கேட்பவர்கள் கேள்வி முடிந்ததும் குளம்பைப் பார்க்கச் சற்றே குனிகிறார்கள், சரியான எண் வந்ததும் தங்களை அறியாமல் தலை லேசாக நிமிர்கிறது. குதிரை கவனித்தது அந்த அசைவை. இதைக் கண்டுபிடித்த பிறகும், தானே கேள்வி கேட்கும்போது அந்த அசைவை அடக்குவது ஃபுங்ஸ்டுக்குப் பெரும்பாடாக இருந்தது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது, ஆசிரியரும் ஏமாற்றவில்லை. மோசடி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் ஒரு நேர்மையான மனிதர்மேல் பழியைப் போட்டதோடு, அருமையான கண்டுபிடிப்பு ஒன்றையும் தவறவிட்டார்கள். சோதனை செய்பவரின் எதிர்பார்ப்பு சோதனைக்குள் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்துக்கு இன்றும் ஹான்ஸைத்தான் சொல்கிறார்கள்.

எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போவது

சந்தேகத்துக்கு முடிவு ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை வேறு யாராவது பயன்படுத்திக்கொள்வார்கள். 1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் 400-க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு விளம்பரம் கொடுத்தன. ‘புகைத்தால் புற்றுநோய் வராது’ என்று அதில் அடித்துச் சொல்லவில்லை. அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை, இன்னும் ஆராய்வோம் என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். 1969-ல் பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று பின்னாளில் வெளியே வந்தது. சந்தேகம்தான் நம் சரக்கு என்று அதில் பச்சையாகவே இருந்தது. “இரண்டு பக்கமும் கேட்டுத்தான் முடிவெடுப்பேன்” என்று நேர்மையாக நினைத்த வாசகர்களைக் குறிவைத்துச் செய்த காரியம் அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வாசகர்கள் செய்தது நல்ல பழக்கம், அதையே தூண்டிலாக்கிவிட்டார்கள்.

ஆகவே ஒரு விஷயத்தைச் சந்தேகிக்கத் தொடங்கும்போதே, எது கிடைத்தால் ஒப்புக்கொள்வேன் என்பதையும் எழுதி வைத்துவிடுங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளைப் பற்றியது. அதைக் கேட்டுக் கவலைப்பட்டு, பெரிய ஆய்வு வேண்டும் என்று அன்று கேட்டவர் கேட்டது நியாயம். டென்மார்க்கில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2002-ல் வந்தது. 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை 2010-ல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே திரும்பப் பெற்றது. 2019-ல் ஆறரை லட்சம் குழந்தைகளை வைத்து இன்னோர் ஆய்வு வந்தது. தொடர்பு எதிலும் தென்படவில்லை. இதற்குப் பிறகும் “கேள்விதானே கேட்கிறேன்” என்பவர் பதிலைக் கேட்கும் எண்ணத்தை எப்போதோ கைவிட்டுவிட்டார்.

“கலிலியோவையும்தான் அன்று நம்பவில்லை” என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. எதிர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தப்பாகச் சொன்னதால் எதிர்க்கப்பட்டவர்கள்.

ஆர்வத்தின் பக்கத்துத் தவறுகள்

ஆர்வசாலிகளுக்கு நுனிப்புல் மேய்ச்சல்தான் பெரிய ஆபத்து. பத்து நிமிட வீடியோ பார்த்து முடித்ததும் விஷயம் புரிந்துவிட்ட உணர்வு வரும். ரோசன்பிளிட், கீல் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் காட்டியது இதைத்தான். ஜிப், பூட்டு போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று முதலில் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக எழுதி விளக்கச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் பங்கேற்றவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். இப்போதே செய்து பார்க்கலாம். ஜிப்பின் இரண்டு பல்வரிசைகளும் எப்படிப் பூட்டிக்கொள்கின்றன, நகரும் துண்டுக்குள் என்ன இருக்கிறது, அதே துண்டு கீழிறங்கும்போது எப்படிப் பிரிக்கிறது? தாளில் வரைந்து பாருங்கள். பேனா எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் படிக்க ஆரம்பிக்க வேண்டும்.

“நானே தேடிப் பார்த்தேன்” என்பதும் பல நேரம் சோதனையாக இருப்பதில்லை. உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-ல் வெளியிட்ட புதிர் இது: 2, 4, 6 என்பது ஒரு விதிக்குப் பொருந்துகிறது. வேறு மூன்றெண் வரிசைகளைச் சொல்லிக் கேட்டு விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலோர் ‘இரண்டிரண்டாக ஏறுகிறது’ என்று ஊகித்து 8, 10, 12 என்றார்கள். சரி என்று பதில் வந்தது. 20, 22, 24. அதுவும் சரி. விதியை அறிவித்தார்கள், தப்பு. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் பொருந்தும் என்பதுதான் விதி. 1, 2, 50 என்று தன் ஊகத்தை உடைக்கக்கூடிய ஒன்றைக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கூகுளில் ‘காபியின் தீமைகள்’ என்று தேடுபவர் கேட்பது 8, 10, 12. தீமை கிடைக்கத்தான் செய்யும். ‘காபியும் உடல்நலமும்’ என்று தேடுங்கள், அல்லது எதிர்க்கேள்வியையும் அதே அக்கறையோடு தேடுங்கள்.

மனிதர்களிடம் சந்தேகத்தை நீட்டும் முறையையும் சொல்லாமல் விட முடியாது. தனக்கு வலிக்கிறது, தன்னை ஒருவர் அவமானப்படுத்தினார் என்று நண்பர் சொல்லும்போது “ஆதாரம் என்ன?” என்று கேட்பது ஆராய்ச்சி ஆகாது. அவர் உங்களிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. வீட்டுப் பெரியவர் வாட்ஸ்அப்பில் வந்த மருத்துவக் குறிப்பை ஆசையோடு காட்டும்போது “இதெல்லாம் புருடா” என்று கையைத் தட்டிவிட்டால், அடுத்த குறிப்பை உங்களிடம் காட்டாமலே முயன்று பார்த்துவிடுவார். அது இன்னும் மோசம். “இதை முதலில் யார் சொன்னார்கள் என்று சேர்ந்தே பார்ப்போமா?” என்று பக்கத்தில் உட்காருங்கள். பார்த்ததில் அவர் சொன்னது சரி என்று தெரிந்தால், அதையும் அங்கேயே, மற்றவர்கள் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். அடுத்த முறை ‘இது தப்பு’ என்று நீங்கள் சொன்னால் கேட்க அவருக்கும் ஒரு காரணம் இருக்கும்.