நியூஸ் கார்டை ஃபார்வர்டு செய்யும் முன்

வாட்ஸ்அப்பில் வரும் நியூஸ் கார்டை (சேனல் லோகோ, ஒரு தலைவரின் படம், அவர் சொன்னதாக ஒரு வாசகம் என வரும் படத்தை) யாருக்காவது அனுப்பும் முன், அதில் எந்த சேனலின் லோகோ இருக்கிறதோ அந்த சேனலின் ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்துக்குப் போய், கார்டில் உள்ள தேதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

போலி கார்டு செய்கிறவர்கள் பெரும்பாலும் புதிதாக எதையும் வடிவமைப்பதில்லை. ஏற்கெனவே வெளியான கார்டை எடுத்து, தலைவரின் படத்தையும் லோகோவையும் அப்படியே விட்டுவிட்டு, வாசகத்தை மட்டும் மாற்றுகிறார்கள். அதனால் அதே படத்தோடு வேறு வாசகம் கொண்ட அசல், சேனல் பக்கத்திலேயே பல நேரம் கிடைத்துவிடும். இரண்டையும் அருகருகே வைத்தால் எழுத்துரு பல்லிளிக்கும். தேர்தல் நேரத்தில் இது ரொம்பவே கைகொடுக்கும். தேதியே இல்லாத கார்டா? என்னைக் கேட்டால், தேடக்கூட வேண்டாம், விட்டுவிடலாம்.

சேனலே பதிவை நீக்கியிருந்தால் இந்த வழி உதவாது. வேறு ஓரிரு செய்தி நிறுவனங்களில் தேட வேண்டியதுதான். அப்புறம், கார்டு அசல் என்றால் சேனல் அதை வெளியிட்டது என்று மட்டுமே அர்த்தம். நீண்ட மேடைப் பேச்சில் ஒரு வரியை மட்டும் வெட்டிப் போட்டிருக்கலாம். அதற்கு முழு வீடியோவைத்தான் பார்க்க வேண்டும்.