பகல்நேர மனநல மையத்துக்கு யார் வரவில்லை? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்கள் மையத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்." மனநோயோடு வாழ்பவர்கள் பகலில் வந்து போகிற பகல்நேர மனநல மையம் நடத்துகிற எவரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே தினமும் வருகிறவர்களைக் கொஞ்சம் கவனித்தால் பெரும்பாலும் ஒரே வட்டம்தான் தெரியும். பக்கத்தில் குடியிருப்பவர்கள், காலையில் எழுந்து கிளம்ப முடிகிறவர்கள், ஊழியர்களின் மொழியிலேயே பேசுகிறவர்கள், வீட்டில் யாரையும் கவனிக்கும் பொறுப்பு இல்லாதவர்கள். நோய் அதிகமாகப் படுத்தும் ஆட்களும் தனித்துக் கிடக்கிற ஆட்களும் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.

வேல்ஸில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971-இல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: நல்ல மருத்துவப் பராமரிப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. பொது மருத்துவத்தைப் பற்றி அவர் சொன்னது பகல்நேர மையங்களுக்கும் பொருந்துகிறது. யாரும் திட்டம் போட்டு எவரையும் ஒதுக்குவதில்லை. சின்னச் சின்ன விதிகளும் நேரங்களும் படிவங்களும் சேர்ந்து ஒதுக்குகின்றன. அதனால்தான் இதைச் சரிசெய்யவும் முடியும்.

வந்தவர்களை மட்டும் எண்ணுவது

மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்து, "இந்த மாதம் இத்தனை பேர்" என்று அறிக்கை எழுதுவது வழக்கம். அந்த எண் உயர்ந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வராதவர்களைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. ஒரே பத்துப் பேர் அடிக்கடி வந்தாலும் எண் உயரும்.

ஒப்பிட ஒரு அளவு வேண்டும். பக்கத்து மனநலப் பிரிவில் சிகிச்சை பெறுபவர்களின் விவரம் நல்ல அளவு. அங்கே பாதிப் பேர் பெண்கள், உங்கள் மையத்தில் ஐந்தில் ஒருவர்தான் பெண் என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பெண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி உடனே எழுந்துவிடும். வயது, மொழி, உடல் ஊனம், இருப்பிடம் என்று ஒவ்வொன்றையும் இப்படிப் பார்க்கலாம்.

அதோடு, மூன்று கட்டங்களைத் தனித்தனியாக எண்ணுவது அவசியம்: பரிந்துரைக்கப்பட்டவர்கள், முதல் நாள் வந்தவர்கள், மூன்று மாதம் கழித்தும் வருகிறவர்கள். ஒரு பிரிவினரை யாருமே பரிந்துரைக்கவில்லை என்றால் சிக்கல் மருத்துவர்களிடமோ சமூகப் பணியாளர்களிடமோ இருக்கிறது. பரிந்துரைத்தும் வரவில்லை என்றால் பயணம், நேரம், பயம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வந்துவிட்டு நின்றுபோகிறார்கள் என்றால் மையத்துக்குள்ளேயே ஏதோ சரியில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு துண்டுப் பிரசுரம் அச்சடித்தால் காசுதான் வீண்.

விவரம் கேட்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. முதல் நாளே மதம், பாலின அடையாளம், பாலியல் நாட்டம் என்று நீளமான படிவத்தைக் கையில் கொடுத்தால், பிறர் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற சந்தேகத்தோடு வாழும் ஒருவர் என்ன நினைப்பார்? எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டும். பதில் சொல்வது அவர் விருப்பம் என்றும் சொல்ல வேண்டும். கொஞ்சம் பழகிய பிறகு கேட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வராததை மறுப்பாக எடுத்துக்கொள்வது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான். "மூன்று முறை வரவில்லை என்றால் பெயர் நீக்கப்படும்" என்ற விதி பல சேவைகளில் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும்போது இது நியாயமாகவே தோன்றும்.

ஆனால் யாருக்கு இந்த விதி என்று யோசியுங்கள். மனச்சிதைவு நோயில் குரல் கேட்பது, சந்தேகம் வருவது மட்டும் அறிகுறி அல்ல. எதையும் தொடங்கும் உந்துதலே வற்றிப்போவதும் அதன் அறிகுறிதான். கடும் மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழுவதே மலையாக இருக்கும். பதற்ற நோய் உள்ளவர் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கலாம். எந்த நோய்க்காக மையம் நடக்கிறதோ அந்த நோயின் அறிகுறியையே காரணம் காட்டி ஒருவரை வெளியே அனுப்புகிறோம். ஃபோன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால், அவரிடம் முன்பே வாங்கிவைத்த சம்மதத்தோடு வீட்டுக்கு ஒருவரை அனுப்புங்கள். முதல் சில நாட்கள் கூடவே நடந்து வர ஏற்கெனவே மையத்துக்கு வரும் ஒருவர் இருந்தால் அது பெரிய உதவி.

1948-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபவுண்டன் ஹவுஸ், மனநல மருத்துவமனையிலிருந்து வெளிவந்த சிலர் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடியதிலிருந்து வளர்ந்தது. அங்கே வருகிறவரை நோயாளி என்று சொல்வதில்லை, உறுப்பினர் என்பார்கள். அந்த மாதிரியைப் பின்பற்றும் மையங்களில் உறுப்பினராக இருப்பதற்குக் கால வரம்பு கிடையாது. இடையில் நின்றுபோனவரும் திரும்பி வரலாம். இடம் குறைவான மையத்தால் இதை அப்படியே செய்ய முடியாமல் போகலாம். குறைந்தபட்சம், நின்றுபோனவர் மறுபடி பரிந்துரைக் கடிதத்தில் தொடங்கி முழுச் சுற்றும் வரத் தேவையில்லை என்றாவது வைக்கலாமே.

மருந்தை மறந்து கால அட்டவணை போடுவது

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி ஊழியர்களுக்கு வசதி. மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரும் க்ளோசபின், ஓலான்சபின், குவெட்டியபின் போன்ற மருந்துகளை இரவில் எடுப்பவர்களுக்குக் காலையில் தூக்கக் கலக்கம் விடாது. தாமதமாக வருகிறவர் சோம்பேறி என்று பெயர் வாங்கி, அவமானப்பட்டு, வராமலே போய்விடுவார். முக்கியமான நிகழ்ச்சியைப் பதினொரு மணிக்கு மேல் வைத்தால் இதில் பாதி தீர்ந்துவிடும்.

இதே போல் இன்னும் சில. சில மருந்துகளால் ஒரு இடத்தில் உட்காரவே முடியாத தவிப்பு உண்டாகும். "ஒரு மணி நேரம் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும்" என்ற விதி அவரை வெளியே தள்ளுகிறது. மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவருக்குத் தாகமும் அதிகம், சிறுநீரும் அடிக்கடி வரும். குடிநீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், கழிப்பறைக்குச் சாவி கேட்டு வாங்கும் நிலை இருக்கக் கூடாது.

எல்லாருக்கும் ஒரே விதி என்பதைச் சமத்துவம் என்று நினைப்பது

"ஒருவருக்குத் தளர்த்தினால் மற்றவர்களும் கேட்பார்களே" என்ற பயம் ஊழியர்களுக்கு உண்டு. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை (2006) இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. நீண்டகால மனநலப் பாதிப்பு உள்ளவர்களும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். ஒருவருடைய நிலைக்கு ஏற்ற நியாயமான மாற்றத்தை, அளவுக்கு மீறிய சுமையாக இல்லாதபோதும் மறுப்பது, அதன் இரண்டாம் பிரிவின்படி பாகுபாடு. கேட்கிறவர்களில் பலருக்குத் தேவையானது பெரிதாக ஒன்றும் இருக்காது: அமைதியான ஒரு மூலை, எழுத்தில் கொடுத்த கால அட்டவணை, நடுவில் எழுந்து போக அனுமதி.

பெண்களுக்கு என்று தனி நேரம் ஒதுக்கும்போதும் இதே ஆட்சேபம் வரும். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் 1979-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் நான்காம் பிரிவு, நடைமுறையில் சமத்துவம் வரும்வரை எடுக்கும் தற்காலிகச் சிறப்பு நடவடிக்கைகளைப் பாகுபாடாகக் கருதுவதில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வன்முறையை அனுபவித்த ஒரு பெண், அறை முழுக்க ஆண்கள் இருக்கும் இடத்துக்குள் நுழைவாரா? குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவார்? "பெண்களுக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதிவைப்பதற்கு முன் இந்த இரண்டையும் அவர்களிடமே கேட்க வேண்டும். தனி நேரம் வைத்தால் அதைப் பள்ளி நேரத்துக்குள் வையுங்கள். மாலை ஆறு மணிக்கு வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்றால் என்ன சொல்வது!

வீட்டு ஆளையே மொழிபெயர்க்கச் சொல்வது

கணவர் மொழிபெயர்த்தால் மனைவி கணவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பிள்ளை மொழிபெயர்த்தால் தற்கொலை எண்ணத்தைப் பற்றித் தாய் வாய் திறக்க மாட்டார். வீட்டார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முதல் சந்திப்பிலும் முக்கியமான பேச்சுகளிலும் வெளி ஆள் ஒருவர்தான் மொழிபெயர்க்க வேண்டும். காது கேளாதவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றல்ல. பிரிட்டிஷ் சைகை மொழியும் அமெரிக்கச் சைகை மொழியும் வெவ்வேறு மொழிகள். "சைகை தெரிந்த ஒருவர்" என்று மட்டும் கேட்காமல் எந்தச் சைகை மொழி என்று கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். எழுதிக் காட்டினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பிறவியிலேயே காது கேளாத பலருக்கு எழுத்து மொழி இரண்டாம் மொழிதான்.

"இது எங்கள் பொறுப்பு இல்லை"

குடிப்பழக்கமும் மனநோயும் சேர்ந்து இருப்பவர் மனநல மையத்துக்குப் போனால், "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்பார்கள். போதை மீட்பு மையத்துக்குப் போனால், "முதலில் மனநலத்தைப் பாருங்கள்" என்பார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் அந்த மனிதர் தேய்ந்துபோகிறார். அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து உள்ளவர்களுக்கும், 65 வயதானதும் "முதியோர் சேவைக்குப் போங்கள்" என்று மாற்றி அனுப்பப்படுகிறவர்களுக்கும் இதே கதிதான். போதையில் வந்தால் அன்றைக்கு அனுமதி இல்லை என்பது ஒரு விதி. அது புரிந்துகொள்ளக்கூடியது. குடிப்பழக்கம் இருக்கிறது என்பதற்காகவே என்றைக்கும் அனுமதி இல்லை என்பது வேறு. ஒருவரை வேறு சேவைக்கு அனுப்புவதென்றால் அங்கே அவர் சேர்ந்துவிட்டார் என்று உறுதியாகும் வரை உங்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கட்டும்.

சுருக்கமாக இன்னும் இரண்டு. மையத்தை ஆன்லைனுக்கு மாற்றும்போது யாரிடம் ஃபோன் இல்லை, யாருக்குத் தனி அறை இல்லை என்று முதலில் பாருங்கள். கட்டடத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது வாடகையோடு பேருந்து வழித்தடத்தையும் பாருங்கள்.

ஒருவரை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பது

ஆலோசனைக் குழுவில் பயனாளர் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, அவர் தலையசைத்ததும் எல்லாரும் சம்மதித்ததாக எழுதிக்கொள்கிறார்கள். தொடர்ந்து வந்து, நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர்தான் அந்த நாற்காலியில் இருப்பார். மையம் அவருக்கு ஏற்கெனவே ஒத்துப்போகிறது. அவரை அவசியம் கேளுங்கள். அப்புறம், வந்து நின்றுபோனவர்களையும் கேளுங்கள். அவர்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், எனவே அவர்களுக்கு வசதியான இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். பேசியதற்கு உரிய பணத்தையும் பயணச் செலவையும் கொடுக்க வேண்டும், அவர்கள் சொன்னதால் என்ன மாறியது என்று திரும்பப் போய்ச் சொல்லவும் வேண்டும்.

மாற்றம் செய்து ஆறு மாதம் ஆனதும் அந்த மூன்று கட்ட எண்ணிக்கையை மறுபடி எடுங்கள். எண் நகரவில்லை என்றால், வேறு எதையும் தொடங்குவதற்கு முன் நின்றுபோனவர்களில் இன்னும் சிலரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.