மனுவை எந்த அரசுக்கு எழுதுவது?

தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "கலெக்டருக்கு எழுதுங்க சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பி.எஃப். பணம் வரவில்லை என்றாலும் கலெக்டர்தான், பாஸ்போர்ட் தாமதம் என்றாலும் கலெக்டர்தான். பெறுநர் முகவரி எழுதும் முன், விஷயம் மத்திய அரசு கையில் இருக்கிறதா, மாநில அரசு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதி அலைச்சல் மிச்சம்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு. ரயில், தபால், தொலைபேசி, பாஸ்போர்ட், வங்கி எல்லாம் மத்தியப் பட்டியல். போலீஸ், நிலம், குடிநீர், உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், மது ஆகியவை மாநிலப் பட்டியல். கல்வி, மின்சாரம், தொழிலாளர் நலன், திருமணம், காடு ஆகியவை பொதுப் பட்டியல். எதிலும் சேராதது 248ஆவது பிரிவின்படி மத்திய அரசுக்குப் போய்விடும்.

பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ரயிலில் செல்போன் திருடுபோனால் யாரிடம் போவீர்கள்? ரயில் மத்திய அரசுடையதுதான். ஆனால் மாநிலப் பட்டியலின் 2ஆவது இனம் ரயில்வே போலீசையும் சேர்த்தே காவல்துறையை மாநிலத்திடம் கொடுத்திருக்கிறது. அதனால் புகார் இருப்புப்பாதை காவல் நிலையத்துக்கு. அவர்கள் தமிழ்நாடு போலீஸ். அதே ஸ்டேஷனில் இருக்கும் ஆர்.பி.எஃப். மத்தியப் படை, ரயில்வே சொத்துத் திருட்டு அவர்கள் வழக்கு. ஓடும் ரயிலில் என்றால் டிக்கெட் பரிசோதகரிடம் (டி.டி.இ.) புகார்ப் படிவம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்.

சாலையில் பள்ளமா? கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சளிலும் ஒரு சிக்கல்: சில பகுதிகளை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவே பராமரிக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் நகல் போட்டுவிடுவேன்.

பொதுப் பட்டியல்தான் தலைவலி. கல்வியும் காடும் முன்பு மாநிலத்திடமே இருந்தவை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இன் 42ஆவது திருத்தம்தான் இங்கே கொண்டுவந்தது. என்னைக் கேட்டால் அவை மாநிலத்திடமே திரும்ப வேண்டும். பொதுப் பட்டியலில் இருவரும் சட்டம் போடலாம், முரண்பட்டால் மத்திய சட்டமே நிற்கும் என்கிறது 254ஆவது பிரிவு. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் மட்டும் அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டம் நிற்கும். 1960இன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு ஜல்லிக்கட்டை அனுமதிக்க 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அப்படித்தான் நின்றது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது, ஜல்லிக்கட்டும் தொடர்கிறது.

மனு எழுத இவ்வளவு சட்டம் வேண்டாம். பொதுப் பட்டியல் விஷயம் என்றால் அந்த வேலையை நடத்துவது யார் என்று மட்டும் பாருங்கள். அரசுப் பள்ளி மாநிலம், கேந்திரிய வித்யாலயா மத்தியம். டிரான்ஸ்பார்மர் வெடித்தால் நம் மின்வாரியம். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் மருந்தகத்தில் மாத்திரை இல்லையென்றால் மாநிலத் துறை; அதே இ.எஸ்.ஐ.யில் லீவு போட்ட நாட்களுக்குப் பணம் வரவில்லையென்றால் மத்திய அரசின் இ.எஸ்.ஐ. கழகம். ஒரே கார்டுதான், மனு இரண்டு.

மாநில விஷயத்துக்கு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டம், இல்லையென்றால் முதல்வரின் உதவி எண் 1100. மத்திய விஷயத்துக்கு மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளமான சி.பி.கிராம்ஸ். பதிவு எண்ணை மனு நகலின் மேல் மூலையிலேயே குறித்து வையுங்கள். அடுத்த முறை முதலில் அதைத்தான் கேட்பார்கள்.