டப்பா வாங்கும் முன் மேடத்துக்கு ஒரு போன்

உப்பூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். மானாவாரி நெல். ஆவணிக் கடைசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக் கிடப்போம்.

சில வருஷங்களுக்கு முன் கார்த்திகையில் இலை நுனியெல்லாம் வெளுத்துக் காய்ந்தது. நாலு இலையைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். குலைநோய் என்று ஒரு டப்பா கொடுத்தார்கள். பத்து நாளில் இன்னொன்று. பயிர் தெளியவில்லை. அப்புறம்தான் டெப்போவுக்குப் போனேன். வேளாண்மை விரிவாக்க மையம் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. உதவி வேளாண் அலுவலர் மேடம் வந்தார். வரப்போரம் குனிந்து, வெள்ளையாகப் பூத்திருந்த மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "மழை நின்னு எத்தனை நாளாச்சு அக்கா?" பதினேழு நாள். ஈரம் வற்ற வற்ற உப்பு மேலேறிப் பயிரைச் சுட்டிருக்கிறது. இரண்டு டப்பா காசும் வீண்.

அதனால் சொல்கிறேன், விதைப்புக்கு முன்பே ஒருதரம் டெப்போவுக்குப் போய் வாருங்கள். மேடம் அல்லது சாருடைய எண்ணை வாங்கிக்கொள்ளலாம், விதை நேர்த்திக்கு சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி) இருக்கிறதா என்றும் கேட்கலாம். கிலோ விதைக்கு 10 கிராம்.

பயிரில் ஏதாவது தெரிந்தால் இலையை மட்டும் கிள்ளாதீர்கள். வேரும் மண்ணுமாக முழுத் தூரைப் பிடுங்கிச் செய்தித்தாளில் சுற்றி அன்றைக்கே கொண்டுபோங்கள். பாலிதீன் பை வேண்டாம், வேர்த்து அழுகிவிடும். போனில் அனுப்புவதானால் வயல் முழுக்க ஒரு படம், தூர் ஒன்று, உள்ளங்கையில் வைத்த இலை ஒன்று.

என்ன ரகம், விதைத்த தேதி, யூரியா எப்போது எவ்வளவு, கடைசி மழை எப்போது, ஏற்கெனவே என்ன அடித்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு நான் முதல்முறை பொய் சொன்னேன், வெட்கம்தான். இப்போது காலி டப்பாவையே எடுத்துப் போகிறேன்.

இலை ஓரம் அலை அலையாக மஞ்சளித்துக் காய்ந்தால் மேடம் காட்டிய ஒரு வேலை உண்டு. இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் பாருங்கள். கஞ்சித்தண்ணி மாதிரி இழையிழையாக இறங்கினால் பாக்டீரியா இலைக்கருகல். உப்புக் கருகலில் அப்படி இறங்காது.

பூச்சியைக் கண்டவுடன் டேங்கைத் தூக்க வேண்டியதில்லை. தண்டைக் குடையும் குருத்துப்பூச்சி என்றால் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது நூறு குருத்தில் பத்து காய்ந்திருந்தால்தான் மருந்து. எண்ணிக்கொண்டு போனால் அவர்களுக்கும் பதில் சொல்வது சுலபம். மருந்தின் பெயர், டேங்குக்கு எவ்வளவு, அறுப்புக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதை எழுதியே வாங்குங்கள்.

ஒரு மேடத்துக்கு எத்தனையோ ஊர். பக்கத்து வயல்காரர் நாலு பேர் சேர்ந்து கூப்பிட்டால் சீக்கிரம் வருவார். போன் எடுக்காவிட்டால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

குருத்துப்பூச்சி கடித்துக் கதிர் வெளுத்துப் பதராகி நிற்பதுதான் வெண்கதிர். அது வந்தபின் கூப்பிட்டுப் பயனில்லை. மார்கழியில் என் கொழுந்தன் அப்படித்தான் கூப்பிட்டார். மேடம் ஒரு கதிரை இழுத்தார், கையோடு வந்துவிட்டது. அடியில் புழு கடித்த தடம். "இனி மருந்து வாங்காதீங்கண்ணே, அந்தக் காசை அறுப்பு மெஷினுக்கு வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரப்புக்குப் போய்விட்டார்.